கணக்கில் வராத இரண்டு ஆல்பங்கள்

ஈப்போவில், சிலிபின் மண்டபத்தில் ஒத்திகைக்கு வந்த குமுதாவிடம் விக்னேஸ்வரன் பாடல் வரிசையை நீட்டியபோது, அவள் இன்னும் வேன் சாவியைக்கூடப் பைக்குள் போட்டிருக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு நேராக வந்திருந்தாள். நின்றபடியே படித்தாள். எல்லாம் பழைய பாட்டு. அவள் பாடும் ‘கிந்தா ஸ்வரங்கள்’ குழு கல்யாணங்களிலும் திருவிழாக்களிலும் கொடிகட்டிப் பறந்த காலத்துப் பாட்டுகள். கடைசியில், வழக்கம்போல, ‘மழைக்கோட்டு மச்சான்’.

“தம்பி, எங்க ரெண்டு ஆல்பத்துலேருந்து ஒண்ணுகூட இல்லயே?”

“எந்த ரெண்டு ஆல்பம்க்கா?”

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவனே அவன்தான். ‘நாற்பது வருட இசைப் பயணம்’ என்று ஈப்போ முழுக்கப் பதாகை கட்டியவன். அவன் கேலி செய்யவில்லை; உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அதுதான் குமுதாவுக்குப் பொறுக்கவில்லை.

குழுவின் தலைவர் ஜெயபாலனைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பாட்டுக்கும் மெட்டுப் போட்டவர் அவர். குனிந்து கிட்டார் தந்தியை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே.”

“விடு குமுதா. ஜனங்க சந்தோசமா இருக்க வாராங்க.”

குழு கலைந்து பல வருடம் கழித்து மறுபடி சேர்ந்தபோது வந்தவை அந்த இரண்டு ஆல்பங்களும். முதலாவதற்குப் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்தவர் ஜெயபாலன். புதிதாக எதுவும் வேண்டாம் என்று பழைய பாட்டுகளையே தூசி தட்டி, கம்ப்யூட்டர் தாளம் போட்டு, நடுவில் ஓர் இளவட்டத்தை ராப் பாடவிட்டார். குமுதாவின் குரலையும் இயந்திரத்தில் போட்டு வழித்தெடுத்தார்கள். வெளிவந்ததைக் கேட்டபோது, பாடுவது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். இளசுகள் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டாவது அப்படியில்லை. கீபோர்டு வாசிக்கும் நாகூர் மீரான் தன் உணவகத்து மாடியில் அரிசி மூட்டைகளை ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார். கீழே ரொட்டி சானாய் தட்டும் சத்தம் அடங்குகிற மதியங்களில் பதிவு நடந்தது. ஒரு பழைய பாட்டும் இல்லை. அதில் ஒன்று குமுதா எழுதியது, ‘பேரச் சொல்லிட்டுப் போ’. சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் குமுதாவின் குடும்பம் இருந்த லயத்து வீட்டை இடிக்க ஆள் வந்த அன்று, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பானையை இறக்கும்வரைகூட வந்தவர்கள் பொறுக்கவில்லை. “யாருய்யா நீ? பேரச் சொல்லு!” என்று அவள் கத்த, இயந்திரத்தை ஏவிக்கொண்டிருந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைத்தான் பாட்டாக எழுதினாள். ஜெயபாலன் தன் ஆயுளில் போட்ட மெட்டுகளிலேயே இதற்கு ஈடாக இன்னொன்று இல்லை என்பது அவள் முடிவு. வானொலிக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, “பாட்டு கனமா இருக்கு, காலையில போட முடியாது” என்றார். சாயங்காலமும் போடவில்லை.

ஒத்திகைக்கு நடுவே தேநீர் குடிக்க வெளியே போனபோது மீரான் அவளருகே வந்தார்.

“நான் சொன்னேன்னு சொல்லிறாத குமுதா. புதுப் பாட்டு ஏதாச்சும் இருக்கான்னு அந்தப் பையன் மொதல்லயே கேட்டான் லா. பாலன்தான் இல்லன்னுட்டாரு. தொண்ணூறுலயே எல்லாத்தையும் நிறுத்திட்டோம்னுட்டாரு.”

அவள் கோப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு நேராக மேடைக்கு நடந்தாள்.

“நாம நிறுத்திட்டமாண்ணே?”

ஜெயபாலன் வாசலில் நின்ற மீரானை முறைத்தார். பிறகு கிட்டாரைக் கீழே வைத்தார்.

“ரெண்டும் ஊத்திக்கிச்சு. மொத ஆல்பம் என் தப்பு, சரி. ரெண்டாவது நீங்கள்லாம் கேட்ட மாதிரிதான செஞ்சேன்? என்னா ஆச்சு? என் சொந்த மவனே கேக்கல. அதயும் மேடையேறி தண்டோரா போடணுமா?”

“மொத ஆல்பம் குப்ப. அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன். ரெண்டாவது குப்ப இல்ல. யாரும் கேக்கலன்னா பாட்டு மோசம்னு ஆயிருமா? வானொலிக்காரன் மறந்தான், போவுது. பெத்தவனே புள்ள இல்லன்னு சொன்னா?”

அவர் மறுபடி குனிந்து கிட்டாரை எடுத்துக்கொண்டார். குமுதா விக்னேஸ்வரன் பக்கம் திரும்பினாள். “‘பேரச் சொல்லிட்டுப் போ’ பாட்டு இருந்தா நான் இருக்கேன். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்க.”

பதாகையெல்லாம் அவள் முகம். அவன் தலையைச் சொறிந்தான். “இடைவேளைக்கு முன்னாடி போடறேன்க்கா. அப்பதான் ஜனங்க சாப்பிட எந்திரிப்பாங்க.”

அவமானம் என்று தெரிந்தேதான் அவள் தலையாட்டினாள். அந்தப் பாட்டை மட்டும் ஒத்திகை பார்க்காமலே ஜெயபாலன் கிளம்பிவிட்டார். “எனக்குத் தெரியும்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபம் நிரம்பி வழிந்தது. பழைய பாட்டுகளுக்கு விசில் பறந்தது. பிறகு விக்னேஸ்வரன் மைக்கில், “இன்னும் ஒரே ஒரு பாட்டு, வெளிய நாசி லெமாக் ரெடி!” என்று அறிவித்ததும் பாதிக் கூட்டம் எழுந்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தத்துக்குள் குமுதா பாடத் தொடங்கினாள்.

இரண்டாவது வரியிலேயே கிட்டார் தடம் மாறியது. அடுத்த வரியில் மறுபடியும். குமுதா கையை உயர்த்தி நிறுத்தினாள். டிரம்ஸ் வாசித்த தர்மாவின் குச்சி அந்தரத்தில் நின்றது.

“ஜி மைனர்!” என்றாள் மைக்கிலேயே. “நீ போட்ட மெட்டு ஒனக்கே மறந்துருச்சா?”

இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அவரை ‘நீ’ என்றதில்லை. யாரோ சிரித்தார்கள். வாசல்வரை போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜெயபாலனின் முகம் கன்றிப்போனது.

“மேடையிலயா பேசுற?” என்று பல்லைக் கடித்தார்.

“வேற எங்க பேசறது? இந்தப் பாட்டுக்கு நீங்க வேற எடமே குடுக்கலயே!”

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை ஜெயபாலன் வாசிக்கவில்லை, அடித்தார். தந்தி அறுந்துவிடும் என்று தோன்றியது. அன்று மாடியில் பதிவு செய்தபோது அவர் மெதுவாக, பயந்து பயந்து வாசித்தது அப்போதுதான் குமுதாவுக்கு உறைத்தது. பாட்டுக்கு வேண்டியிருந்தது இந்த ஆத்திரம்தான். அவர் அவள்மேல் இருந்த கோபத்தில் வாசித்தார், அவள் எல்லார்மேலும் இருந்த கோபத்தில் பாடினாள். ‘கூரையப் பிரிச்சவனே, ஒம் பேரச் சொல்லிட்டுப் போ’ என்ற வரியில் அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலோடே அதே வரியை இன்னொரு தடவை பாடினாள்.

பாட்டு முடியும்வரை, சாப்பிடப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. இருந்தவர்களில் சிலர் பலமாகக் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர், “மச்சான் பாட்டு எப்ப?” என்று சத்தமாகக் கேட்டார். அதையும் இடைவேளைக்குப் பிறகு பாடினாள், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல். கூட்டம் எழுந்து ஆடியது. அவள் சிரிக்காததை யாரும் கவனிக்கவில்லை.

கருவிகளைக் கட்டும்போது விக்னேஸ்வரன் வந்தான். “அடுத்து கோலாலம்பூர்ண்ணே. இதே வரிசைதான். அந்த ஒரு பாட்ட மட்டும் எடுத்துருவோம்.”

குமுதா வாயைத் திறப்பதற்குள் ஜெயபாலன் சொன்னார், “ரெண்டாவது ஆல்பத்துலேருந்து மூணு பாட்டு. இல்லன்னா நாங்க வரல.”

“கேட்டுட்டு சொல்றேன்ணே,” என்று அவன் நழுவினான்.

“இந்த வாய் இத்தன வருசம் எங்க போயிருந்துச்சு?” என்றாள் குமுதா. மற்றவர்களாக இருந்தால் மன்னித்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. கார் நிறுத்துமிடம் வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். ஜெயபாலன் கிட்டார் பெட்டியைத் தோளில் மாட்டியபடி கேட்டுக்கொண்டே கூட நடந்தார்.

விக்னேஸ்வரனிடமிருந்து அழைப்பு வரவில்லை. கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கான விளம்பரம் ஒருநாள் கைப்பேசியில் வந்தது; அதில் வேறொரு குழுவின் முகங்கள். பள்ளி வாசலில் வேனை நிறுத்திவிட்டு அதைப் பார்த்த குமுதா, அங்கேயே ஜெயபாலனுக்குப் போன் அடித்தாள்.

“மூணாவது ஆல்பம் போடறோம்.”

“யார் கேக்கப் போறா குமுதா?”

“அதப் பத்தி நான் ஒங்களக் கேட்டனா? இந்தத் தடவ பாட்ட நான்தான் பொறுக்கி எடுப்பேன். நீங்க மெட்டப் போடுங்க, வாயத் தொறக்காதீங்க.”

“எப்ப...” என்று அவர் கேட்கத் தொடங்கினார். பள்ளி மணி அடித்தது. குமுதா போனை வைத்துவிட்டு வேன் கதவை ஓங்கி இழுத்துத் திறந்தாள்.