கண்ணாடி உருண்டைகளைச் சுற்றிய காகிதம்

சென்னையில் ஆட்சி மாறி மூன்றாவது வருஷம். தரங்கம்பாடிக்கு மேற்கே அந்த ஊரில் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டவர்களுக்குத் தூக்கம்தான் குறைந்திருந்தது. போன கிறிஸ்துமஸ் அன்றைக்குத் தெற்கே ஒரு சேரியில் குடிசைகள் எரிந்த சேதியை இன்னும் யாரும் வாய்விட்டு முழுசாகச் சொல்லவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சாயங்காலம் நாலு மணிக்கு, ஞானப்பூ வீட்டு வாசலில் ஏஜெண்டு ரெங்கசாமி செருப்பைக் கழற்றினார். பண்ணையாரின் நிலம், ஆள், அடியாள் எல்லாம் அவர் பொறுப்பு. பின்னால் அடியாள் துரைராசு, கையில் கம்போடு.

"என்ன ஞானப்பூ, அதிரச வாசனை களத்துமேடு வரைக்கும் வருது. கூப்பிட மாட்டேங்கிறே?"

"வாங்கய்யா" என்றாள்.

அவள் அம்மா மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோது ஒரு ஜெர்மன் டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனவை, கிறிஸ்துமஸ் மரத்தில் மாட்டுகிற அந்தப் பத்துக் கண்ணாடி உருண்டைகள். வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும். வீட்டுக்கு வருகிறவர் ஆளுக்கொன்றைத் தன் கையாலேயே பிரித்துச் சவுக்குக் கிளையில் மாட்ட வேண்டும், பிறகுதான் பலகாரம். ஏஜெண்டு ஒரு வருஷமும் தவறியதில்லை. கூலி கூட்டிக் கேட்ட விவசாயிகள் சங்கத்தோடு சண்டை முற்றிய வருஷத்தில் மனுஷர் வரமாட்டார் என்று அவள் நினைத்தாள். எந்தச் சண்டையிலும் பலகாரத்தை விடுகிற ஆள் இல்லை அவர்.

ஐப்பசியில் பண்ணையாரின் அடியாட்கள் சங்கத்து ஆட்களின் வீடுகளைத் துழாவத் தொடங்கியபோது, அவள் புருஷன் மாசிலாமணி நாலு தாளைக் கொண்டுவந்து பத்திரப்படுத்தச் சொன்னான். சங்கத்தில் சேர்ந்தவர்களின் பட்டியல்: முப்பத்தொரு பேர், பேருக்கு நேரே ஊதா மையில் கட்டைவிரல் ரேகை. உடைந்துவிடுமென்று எவனும் தொடாத இடம் எதுவென்று யோசித்து, நாலு உருண்டைகளில் தாளைச் சுற்றி, மேலே பழைய சபைப் பத்திரிகையைச் சுற்றி வைத்தாள். எந்த நாலு என்று இப்போது அவளுக்கே தெரியாது.

"பெட்டியை எடு" என்றார் ரெங்கசாமி.

அவர் பிரித்ததில் சபைப் பத்திரிகை மட்டும்தான் இருந்தது. ஞானப்பூவுக்கு மூச்சு வந்தது.

"துரைராசு, நீயும் ஒண்ணு மாட்டுடா. கம்பைக் கீழே வை. மண்டை உடைக்கிற கையால பிடிக்கிற சாமான் இல்ல இது."

துரைராசு மேல் காகிதத்தை உரித்தான். உள்ளே இன்னொன்று இருந்தது.

"என்னங்க இது, மை கொட்டின மாதிரி இருக்கு?"

ஏஜெண்டின் கை மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப்பைக்குள் போனது.

ஞானப்பூ பெட்டியைத் துரைராசின் காலில் நழுவவிட்டாள். அவன் துள்ளியதில் கையில் இருந்ததும் விழுந்து நொறுங்கியது. அம்மாவின் உருண்டைகள் தரையெல்லாம் சில்லாகிக் கிடக்க, வெறுங்கையாலேயே தாளையும் கண்ணாடியையும் சேர்த்து வாரினாள்.

"தொடாதீங்கய்யா, ஊசி ஊசியா ஏறிடும்!"

தாளில் ரத்தம் ஊறியது. ரெங்கசாமி குனிந்து பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கை வெறுமையாகவே வெளியே வந்தது.

"அடடா. நல்ல நாளும் அதுவுமா ரத்தம் சிந்துறியே. போய்க் கையைக் கட்டு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, துரைராசைக் கண்ணால் அழைத்துக்கொண்டு போனார்.

நாலு தாளையும் தேடியெடுத்து அவள் அடுப்பில் போட்டாள். மாசிலாமணி வயலிலிருந்து வந்தபோது தாள் கருகிக்கொண்டிருந்தது. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அவரு படிக்கலைங்க. மூக்குக் கண்ணாடியே போடலை. நான் பார்த்தேன்."

மாசிலாமணி பலகாரத் தட்டைப் பார்த்தான்.

"அதிரசம் தின்னாரா?"

"இல்ல."

அவன் கழற்றிய துண்டை மறுபடி தோளில் போட்டான்.

"நீ வடக்குத் தெருவுக்குப் போ. நான் தெற்கே போறேன். இன்னிக்கு ராத்திரி எவனும் குடிசையில படுக்க வேணாம். புள்ளைகுட்டியோட வேதக்கோயிலுக்கு வந்துரட்டும்."

"தாளெல்லாம் எரிஞ்சுபோச்சே, யார் யாருன்னு..."

"உனக்குத் தெரியாதா யாருன்னு?"

தெரியும். காயக் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு, பட்டியலில் முதல் பேர்க்காரனான அய்யாக்கண்ணுவின் வீட்டுக்கு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.