கூடாப்பில் கட்டிய படம்

இப்பல்லாம் மனுசப் பயல்களுக்குத் தன் உடம்பு மேலேயே நம்பிக்கை கிடையாது. இடுப்பு பிடிச்சா ஒரு படம், இருமினா ஒரு படம். கல்யாண வீட்டில் எடுக்கிறது பத்தாதென்று எலும்பு வரைக்கும் படம் எடுத்து, அதைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுப் போகிறார்கள்.

ஆட்டுக்கிடை போட்டுப் பிழைக்கிற மாயகிருஷ்ணனுக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. இன்றைக்கு அவரே அதற்குள் உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டர். ஏசிக் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, எதிரே செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருத்தராக முறைத்தார்.

பேத்தி பிரித்திகாவுக்குப் பதினேழு வயசு. வலது முட்டு வலியென்று மாசக்கணக்காக நொண்டினாள். “உளுக்கு. எண்ணெய் போட்டு நீவினாச் சரியாப் போகும்” என்றார் இவர். நீவி நீவி எண்ணெய்தான் தீர்ந்தது. மருமகள் காளீஸ்வரி தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மகளை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே குழாய்க்குள் படுக்கப் போட்டுப் படம் எடுத்து, “புத்துக்கட்டியா இருக்கலாம், காலையே எடுக்க வேண்டி வரலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றையிலிருந்து வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. துபாயில் கொத்து வேலை பார்க்கிற மகன் போனில் ஓவென்று அழுதான். ஆம்பளப் பய.

யாரோ சொன்னார்கள் என்றுதான் இங்கே வந்தது. படம் பார்க்கிற டாக்டரம்மா பேர் சத்தியபாமா. எல்லாப் படத்தையும் டிவியில் ஓடவிட்டுக் காட்டினாள்.

“ஐயா, இந்தப் பெரிய ஸ்கேன்ல எலும்பு பூரா நீர் கோத்து வெள்ளையாத் தெரியுது. அதைப் பார்த்துத்தான் பயந்திருக்காங்க. ஆனா சாதா எக்ஸ்ரேயைப் பாருங்க. முட்டுக்குக் கீழே ஒரு குழி. அதைச் சுத்தி, கோலம் இழுத்த மாதிரி மெல்லிசா வெள்ளைக் கரை. கெட்ட கட்டிக்குக் கரை இவ்வளவு சுத்தமா இருக்காது.”

“அப்ப ஒரு படம் இன்னொரு படத்தை ஏசுது. எதைம்மா நம்ப?”

“அதுக்குத்தான் கேக்குறேன். முன்னால எப்பவாவது இதே முட்டுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கீங்களா? பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா எவ்வளவு வளர்ந்திருக்குன்னு தெரிஞ்சிரும்.”

“ரெண்டு வருசம் முந்தி சைக்கிள்ல இருந்து விழுந்தப்ப எடுத்தோம்மா” என்றாள் காளீஸ்வரி. “முறிவு இல்ல, ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாவ. அந்தப் படம் எங்கன போச்சோ, வீட்டுல காணல.”

மாயகிருஷ்ணன் சுவரைப் பார்த்தார். பிரித்திகா அவரைப் பார்த்தாள்.

“தாத்தா, கூடாப்பு ஓட்டையில கறுப்பா ஒண்ணு கட்டுனீங்கள்லா?”

“கூடாப்புன்னா?” என்றாள் டாக்டரம்மா.

“கிடையில ஆட்டுக்குட்டிகளை அடைக்கிற ஓலைக் கூண்டும்மா” என்றாள் பிரித்திகா.

“மாமா!” காளீஸ்வரி அவர் பக்கம் திரும்பினாள். “எம்பிள்ளை காலு போகப் போகுதுன்னு நான் துடிக்கேன். படத்தைக் கொண்டுபோய் ஆட்டுக்குக் கூரை போட்டிருக்கீய!”

“என்னளா கத்துத? ஒண்ணுமில்லன்னு சொன்ன படம்தானே? ஒண்ணுமில்லாததுக்குப் பொட்டு வச்சுக் கும்பிடவா செய்வாவ? ஓலை பொத்துக் குட்டி நனைஞ்சுது, கட்டினேன். அடைமழைக்கும் ஒரு சொட்டு இறங்கல. நீங்க எடுத்த படத்துலயே உருப்படியா வேலை பார்த்தது அது ஒண்ணுதான்.”

சொன்னாரே தவிர, துண்டை உதறிக்கொண்டு அவர்தான் எழுந்தார்.

கிடை அப்போது இடைசெவல் பக்கம் ஒரு கரிசல் காட்டில் கிடந்தது. விதைப்புக்கு முன்னால் ஆட்டுப் புழுக்கை உரத்துக்காகக் காட்டுக்காரர்கள் அமர்த்தியிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வெடிப்பு வெடிப்பாகக் கிடந்த நிலத்தில் நடந்து போய்க் கூடாப்பில் படத்தைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். கூட்டாளி இசக்கிபாண்டி ஓடிவந்தான்.

“என்ன மாமா, வானம் கறுத்துக்கிட்டு வருது, நீரு கூரையைப் பிரிக்கீரு?”

“டாக்டரம்மாவுக்கு வேணுமாம். அவ வீட்டுல எங்கன ஒழுகுதோ.”

படத்தின் ஒரு மூலையை ஏதோ குட்டி மென்றிருந்தது. அவர் திரும்பி வந்தபோது, சென்டர் வாசலில் சீட்டு எழுதுகிற பிள்ளை அதை ரெண்டு விரலால் வாங்கி மூக்கைப் பொத்தினாள். டாக்டரம்மா மூக்கைப் பொத்தவில்லை. ஈரப் பஞ்சால் துடைத்து, வெளிச்சப் பலகையில் மாட்டினாள். பிரித்திகா அம்மா சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கு” என்றாள் டாக்டரம்மா. “அன்னைக்கே மொச்சைக்கொட்டை அளவு இருக்கு. இன்னைக்கும் அதே மொச்சைதான், ஒரு சுத்துக் கூடியிருக்கு. கெட்ட கட்டின்னா ரெண்டு வருசம் இப்படி அடங்கிக் கிடக்காது. உள்ளே சுண்ணாம்புப் பொடி தூவின மாதிரி புள்ளி. இது குருத்தெலும்புல வர்ற சாதுவான கட்டி. ரொம்ப அபூர்வம். ஊசியால ஒரு துணுக்கு எடுத்துச் சோதிச்சு உறுதி பண்ணிரணும். அதுவா இருந்தா, சுரண்டி எடுத்துட்டு எலும்பு வச்சு அடைச்சாப் போதும். காலை எடுக்க வேண்டியிருக்காது.”

காளீஸ்வரி தரையில் உட்கார்ந்து அழுதாள்.

“தாத்தா, நம்ம குட்டி இன்னும் கொஞ்சம் மென்னிருந்தா என் காலு போயிருக்கும்” என்று பிரித்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“சும்மா கெட ஏட்டி.” அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். “ஆட்டுச் சப்பையில நறுக்குன்னு கடிக்கோமே, அந்தக் குருத்தெலும்பா?”

“அதேதான் ஐயா.”

“அதுல கட்டி வருமாக்கும். எத்தனை ஆடு அறுத்திருப்பேன், ஒண்ணுல பார்த்ததில்ல. சரி, அன்னைக்கே இருந்துச்சுன்னா ஏன் ஒண்ணுமில்லன்னான்?”

“முறிவைத் தேடியிருப்பாங்க. தேடாதது கண்ணுல படலை.”

“நல்லாத் தேடுனான். ஆட்டைத் தேடிப் போறவன் நரியைக் கண்டா வாயைப் பொத்திக்கிட்டா வருவான்?” கையை நீட்டினார். “பார்த்தாச்சுல்லா? படத்தைக் குடுங்க, மழை வருது.”

“ஐயையோ, ஆபரேஷன் பண்ற டாக்டர் பார்க்கணுமே! தர முடியாது.”

“பாத்தியா!” என்று மருமகள் பக்கம் திரும்பினார். “அன்னைக்கு ஒண்ணுமில்ல, போன வாரம் புத்து, இன்னைக்குக் குருத்து. ஒரே முட்டு. நாளைக்கு எவனாவது உளுக்கும்பான்.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். “மாமா, எங்க போறீய?” என்று காளீஸ்வரி கூப்பிட்டாள். “கூடாப்பு ஓட்டை தொறந்து கெடக்கு” என்றார் திரும்பாமலே. வாசலில் புதுசாக ஒருத்தன் எக்ஸ்ரே பையோடு ஏறிவந்தான்.

“பத்திரமா வச்சுக்கோ அண்ணாச்சி. மழைக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டு மாயகிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.