தானாக ஓடும் சல்லடை

ஜெயவேல் செய்து கொடுத்த சல்லடை தானாக நிற்கும், தானாக ஓடும். அதில்தான் அவனுக்கு அத்தனை பெருமை.

ஆரணியில் பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, டிப்ளமோ படித்து, லேத் பட்டறை வைத்தவன். ஊரில் பட்டு நூல் சுற்றும் மிஷின்களில் அவன் கை படாதது குறைவு. இழை அறுந்தால் மிஷின் நிற்க வேண்டும். முடிச்சுப் போட்டதும், யாரும் பொத்தானைத் தேடாமல் அதுவாகவே ஓட வேண்டும். இந்தச் சங்கதியில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தப் பெயரைக் கேட்டுத்தான், களம்பூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கல் உடைக்கும் கிரஷர் நடத்துகிற வேணுகோபால் அவனைக் கூப்பிட்டார்.

உடைத்த கல்லை ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, தூள் என்று பிரிக்க அவருக்குப் புதுச் சல்லடை வேண்டும். பழையதில் கண்ணுக்குக் கண் கல் சிக்கி அடைத்துக்கொள்ளும். நிறுத்தி, அடைப்பை எடுத்து, மறுபடி ஓட்ட வேண்டும்.

"பொத்தான் அமுக்கறதுக்குன்னே ஒருத்தன், ஜெயவேலு. அவனும் தூங்கிகினே கெடக்கறான். பேஜாரா கீது. ஆளே இல்லாம ஓடற மாதிரி ஒண்ணு செஞ்சி குடு."

செய்து கொடுத்தான். ஒரு லாரி நீளம், மூன்று அடுக்கு, அடியில் எடை பார்க்கும் கருவி. கல் அடைத்துப் பாரம் ஏறினால் சல்லடையும், மேலிருந்து கல் கொட்டுகிற பெல்ட்டும் நின்றுவிடும். அடைப்பு நீங்கிப் பாரம் குறைந்தால் இருபதாவது விநாடியில் இரண்டும் ஓடும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வேலை. அடைப்பை ஓரத்தில் நின்று நீளக் கம்பியால் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்திருந்தான். நூல் சுற்றுகிறவர்கள் மிஷினுக்கு வெளியில்தானே நிற்கிறார்கள்! மிஷினுக்குள்ளேயே ஒரு மனிதன் ஏறி நிற்பான் என்பது இந்தப் பட்டறைக்காரனின் புத்தியில் உறைக்கவே இல்லை.

பத்தாம் நாள், இரண்டு நாள் மழை விட்ட காலையில், எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று போனவன் அதைக் கண்ணால் கண்டான். ஈரத்தூள் அப்பிக்கொண்டு சல்லடை நின்றது. அங்கே வேலை பார்க்கும் அன்பரசு கடப்பாரையோடு ஏணியில் ஏறி வலைமேல் இறங்கினான். கல்லை நெம்பித் தள்ளினான். வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே கீழே குதித்தான். அவன் கால் தரையில் படவும் சல்லடை உறுமவும் சரியாக இருந்தது. அவன் நின்ற இடத்தில் கல் கொட்டியது.

"டேய், உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தினான் ஜெயவேல்.

"எண்ணிகினேதான் சார் செய்வேன். பாரம் போனா டக்குன்னு ஒரு சத்தம் வரும். அதுலேர்ந்து எண்ணுவேன். பதினஞ்சிக்குள்ள எறங்கிடுவேன்."

"ஓரத்துலேர்ந்து கம்பியால தள்ளக் கூடாதா?"

"நடுவுல எட்டலியே சார்."

ஒன்றரை டன் கல்லை எடை பார்க்கிற கருவிக்கு அன்பரசுவின் ஐம்பத்தைந்து கிலோ தெரியவே தெரியாது. நேராக வேணுகோபாலிடம் ஓடினான்.

"அண்ணே, அரை மணி நேரம் மெயினை நிறுத்துங்க. அந்தத் தானா ஓடற டைமரைக் கழட்டிடறேன். பழையபடி ஒரு ஆளு நின்னு ஓட்டட்டும்."

"இன்னிக்கா? கலசப்பாக்கத்துலேர்ந்து பார்த்திபன்னு ஒருத்தரு வந்துகினு கீறாரு. புதுசா கிரஷர் போடறாரு. ஒன் மிஷினைப் பாக்கத்தான்யா வர்றாரு! அவரு போனப்புறம் என்னா வேணா கழட்டு. பத்து நாளா ஒண்ணும் ஆவலையே?"

அங்கேயே முடியாது என்று அடித்துப் பேசியிருக்க வேண்டும். பேசினானா? இல்லை. தன் மிஷினைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்றதும் கொஞ்சம் இளகிவிட்டான். அதுவரைக்கும் சல்லடையின் மின்சாரப் பேனல் பெட்டியோரம் நானே நிற்கிறேன், என் கண்ணெதிரில் என்ன ஆகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை எதுவும் ஓடாது.

"நீ ஏறுனா நான் இதை அமுக்கிப் புடிச்சிக்கிறேன். நீ எறங்கினப்புறம்தான் விடுவேன்," என்றான் அன்பரசுவிடம்.

"அப்போ எண்ண வேணாமா சார்? அப்பாடா! தூக்கத்துலகூட எண்றேன்னு வூட்ல சிரிக்கறா."

நான்கு முறை அப்படியே நடந்தது. நான்காம் முறை அன்பரசு பெட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, மூலையில் சிக்கிய பொடிக் கல்லைக்கூட நிதானமாகக் கிளறி எடுத்தான். எண்ணுவதை விட்டுவிட்ட மனிதனின் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது என்று பார்த்து ஜெயவேலுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. ஆபீஸ் அறையிலிருந்து வேணுகோபால் குரல் கொடுத்தார்.

"ஜெயவேலு! ஜல்தி வாய்யா, ரெண்டே நிமிஷம்!"

சல்லடை ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அன்பரசு ஜல்லிக் குவியலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான். சொல்லிவிட்டுப் போக வேண்டுமானால் குவியலைச் சுற்றிச் சேற்றில் நடக்க வேண்டும். இரண்டு நிமிஷம்தானே என்று ஜெயவேல் உள்ளே போனான்.

பார்த்திபன் விவரமான ஆள், நல்ல கேள்வியாகக் கேட்டார். அடேயப்பா, ஜெயவேலின் வாய் திறந்துகொண்டது! தாளை இழுத்துப் படம் போட்டான். எடை எப்படி ஏறும், எப்போது நிற்கும், மறுபடி எப்படி ஓடும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினான். இரண்டு நிமிஷம் பத்து நிமிஷமானது.

"அப்ப பக்கத்துல ஆளே வேணாங்களா?" என்று கேட்டார் பார்த்திபன்.

"ஆளே வேணாங்க," என்றான் ஜெயவேல்.

வெளியே சத்தம் நின்றது. மேஜைமேல் அதிர்ந்துகொண்டிருந்த டீ கிளாஸ்கள் அமைதியாயின.

"என்னாங்க, நின்னுடுச்சி?"

"இருங்க, தானா ஓடும் பாருங்க," என்று சிரித்தார் வேணுகோபால்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜெயவேல் ஓடினான். சேறு காலை வாரியது, விழுந்து எழுந்தான். மேலே, பக்கத் தகட்டுக்கு மேல் அன்பரசுவின் முதுகு குனிந்து நிமிர்வது தெரிந்தது. மேல் அடுக்கு பாதிக்கு மேல் காலியாகிவிட்டிருந்தது.

"அன்பரசு! எறங்குடா! எறங்கு!"

அன்பரசு திரும்பவில்லை. குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"இன்னும் ரெண்டே கல்லு சார். அமுக்கிப் புடிச்சிக்கினே இருங்க."

பேனல் பெட்டிக்கு இன்னும் முப்பது அடி இருந்தபோது சல்லடை ஓடத் தொடங்கியது.