எனக்கு ஒண்ணுமில்ல

"எந்திரிக்காதீங்க, உக்காருங்க. கிராணி ஐயா கேக்கறதுக்கு யோசிச்சுப் பதில் சொல்லுங்க" என்று கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள் சந்திரமதி.

வேலாயுதம் சிரித்தான். "எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அந்தப் பதிலைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்! போன வருஷம் சிராங்கூன் ரோட்டில் ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்தபோது, கூரை உத்தரம் தையல்காரன் வேலாயுதத்தின் தலையில் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற எட்டு வயது மகள் லீலா அங்கேயே உயிரை விட்டாள். தலைக்காயம் ஆறிவிட்டது. ஆனால் காலையில் நடந்தது மத்தியானம் அவனுக்கு நினைவிருக்காது; கொஞ்சம் கண் அசந்தால் அதற்கு முன்னால் நடந்ததும் போய்விடும். மறக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது, அதுதான் கொடுமை. மூளை கலங்கியவன் என்று பேர் வந்தால் எவன் துணி கொடுப்பான்? அதனால் அவள் அவனுக்குக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிச் சொல்லிப் பழக்கினாள். அவன் பேரில் அவளே தைத்தாள். தெருவும் நம்பியது.

இப்போது ஊரைப் பிடித்துவிட்ட ஜப்பான்காரனுக்குச் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும். போனவர்களிடமிருந்து ஒரு கடிதாசிகூட வரவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி குலசிங்கம், ஆள் பதியும் பாரத்தோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்.

"தலையிடி இருக்கோ?"

"இல்லீங்க."

"மறதி?"

"எனக்கா? இந்தத் தெருவுல யாருக்கு என்ன அளவுன்னு மனப்பாடமாச் சொல்வேன், கேளுங்க!"

"கோவம் வருமோ?"

"சேச்சே."

நேற்று இஸ்திரிப் பெட்டியை வாசலுக்கு வெளியே அஞ்சடி நடைபாதைக்கு வீசியெறிந்த மனுஷன்! குலசிங்கத்தின் பென்சில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போனது.

சந்திரமதி குறுக்கே வந்தாள். "ஐயா, அவர் சொல்றதை எழுதாதீங்க. இவ்வளவு நாளும் நான்தான் மூடி மறைச்சேன். அவருக்கு ஒண்ணும் நினைப்புல நிக்காதுங்க."

"தங்கச்சி, ஆம்பிளை முன்னுக்கு இருக்கேக்க பொம்பிளையின்ர கதையை நான் எழுதேலாது. பாரத்தில அதுக்கு இடமுமில்லை."

ஆகா, என்ன நியாயம்! அடிபட்ட தலையைப் பற்றி அடிபட்ட தலையையே கேட்பார்களாம். பக்கத்தில் கிடந்து அனுபவிக்கிறவள் வாயை மூடிக்கொள்ள வேண்டுமாம்.

"பிள்ளையள் எத்தினை?"

"ஒண்ணுங்க. லீலா. பள்ளிக்கூடம் போயிருக்கா."

பென்சில் நின்றது. லீலாவின் குழியில் மண் போட்டவர்களில் குலசிங்கமும் ஒருவர். அவர் சந்திரமதியைப் பார்த்தார்.

அதையும் அவள்தான் சொல்லி வைத்திருந்தாள். முதல் தடவை உண்மையைச் சொன்னபோது அவன் சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். மறந்தான். திரும்பக் கேட்டான், திரும்பப் புதிதாக அழுதான். மூன்றாம் தடவைக்குப் பிறகு அவளால் முடியவில்லை.

"துக்கத்தில சொல்லுறார் போல" என்று முணுமுணுத்தார் குலசிங்கம். "மறதி எண்டு அவர் வாயால வரேல்லையே." கையெழுத்துக்குப் பாரத்தை நீட்டினார். வேலாயுதம் சந்தோஷமாகப் பென்சிலை வாங்கினான்.

போட்டால் சயாம். சந்திரமதி அவன் கையை இறுகப் பிடித்தாள்.

"லீலா பள்ளிக்கூடம் போகலைங்க. செத்துட்டா. போன வருஷம், உங்க பக்கத்துலயே."

பென்சில் விழுந்தது. அவன் போட்ட அலறலில் அஞ்சடியில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். தரையில் புரண்டான். வயிற்றில் அறைந்துகொண்டான். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவள் அவன் தலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அழுகை மெல்ல ஓய்ந்தது. கண் அசந்தான். கால்மணி நேரம் போயிருக்கும். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"அடடே, கிராணி ஐயாவா! எப்ப வந்தீங்க? சந்திரா, ஐயாவுக்குக் குடிக்க ஏதாவது குடுத்தியா?"

குலசிங்கம் கீழே கிடந்த பென்சிலை எடுத்தார். குறித்ததையெல்லாம் அடித்துவிட்டு, 'வேலைக்கு ஆகாது' என்று எழுதினார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"அடுத்த மாசமும் வருவன், தங்கச்சி. அப்பவும் அவரைத்தான் கேக்கோணும். அதுதான் சட்டம்."

"வாங்க. ஆனா பதிலை நான்தான் சொல்லுவேன். இடமில்லேன்னா ஓரத்துல எழுதுங்க. மாசா மாசம் என் பிள்ளையைச் சாகடிக்க என்னால ஆகாது."

வேலாயுதம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"யாரோட பிள்ளை செத்துப்போச்சு?"

குலசிங்கம் பாரத்தை மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

"ஐயோ பாவம்" என்றான். "லீலா வந்ததும் அவகிட்ட இதையெல்லாம் சொல்லாதே. பயந்துடுவா."