கை நனைத்த வீடு

அன்றைக்குத் தையல்காரம்மாவின் நாக்கில்தான் சனி உட்கார்ந்திருந்தது. ஓட்டல் அறையை விட்டுக் கிளம்பும்போது, "பிஸ்கட் எடுத்துக்கிட்டியா?" என்று புருஷன் இரண்டு தடவை கேட்டார். "எல்லாம் இருக்கு, நடங்க" என்று இரண்டு தடவையும் வெடுக்கென்று சொன்னாள். புதிதாக வாங்கிய சால்வையைத் திணிக்க இடம் வேண்டுமென்று பிஸ்கட்டையும் மிட்டாயையும் பையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் போட்டவளும் அவளேதான். அது ஞாபகத்துக்கு வந்தபோது, பாஷை தெரியாத அந்த ஊரில் ஒரு மணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகன் ஆசையாக டிக்கெட் எடுத்து அனுப்பிய வெளிநாட்டுப் பயணம். புருஷன் முப்பது வருஷம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற கண்டக்டர். சாப்பாட்டுக் கடை பத்து நிமிஷ நடை என்று போன் காட்டியதை நம்பி, சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்பியிருந்தார். கடை இருந்தது, திறந்துதான் இல்லை. இன்னொன்றைத் தேடி இந்தச் சந்து, அந்தச் சந்து என்று அலைந்ததில், உள்ளே போன மாத்திரை தன் வேலையை ஆரம்பித்துவிட்டது.

"என்னமோ வேர்க்குதுடி" என்றார்.

அடிக்கிற குளிர்காற்றில் வேர்க்கிறதாம்! தையல்காரம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். போன வருஷம் இப்படித்தான் வேர்க்குது என்றார், அடுத்த நிமிஷம் குளியலறை வாசலில் சரிந்தார். பிழைத்ததே பெரிய பாடு.

இரண்டு பக்கமும் வீடுகள். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை. மானமாவது மரியாதையாவது, அவரை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டாள்.

சுவரெல்லாம் குடும்பப் படங்கள். நாற்காலி முதுகில் ஒரு பள்ளிக்கூடப் பை. நீள மேசையில் இரண்டு கிழவர்கள் டிவி பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டியும் கையுமாக ஒரு பருத்த அம்மாள் எட்டிப்பார்த்தாள்.

"தாயே, எதாவது குடுங்க! இவருக்கு சுகர் எறங்கிப்போச்சு!"

பாஷை புரியாவிட்டால் என்ன, கண்டக்டரின் முகமே சொல்லிவிட்டது. அந்த அம்மாள் தண்ணீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கி அவர் வாயில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கச் சோறும் குழம்பும் வந்தன. நாலு வாய் உள்ளே போனதும் அவர் வேர்வை அடங்கியது.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது, அவருக்கல்ல, இவளுக்கு.

தையல்காரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் கை நனைத்தாலும் ஒரு வேலையாவது செய்யாமல் படியிறங்க மாட்டாள். விறுவிறுவென்று சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மாள் பதறிக் கையைப் பிடித்துத் தடுத்தாள். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்று இவள் அவளையே ஓரமாகத் தள்ளிவிட்டாள். தேய்க்கத் தேய்க்கத் தட்டு வந்துகொண்டே இருந்தது. கூட்டுக் குடும்பம் போலிருக்கு, பாவம், ஒருத்தியாக எப்படித்தான் சமாளிக்கிறாளோ என்று பரிதாபப்பட்டாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், மேசை நிறைய ஆட்கள். ஒருவன் தகர டப்பாவில் பணத்தைப் போட்டுவிட்டு, தானே மீதி எடுத்துக்கொண்டு போனான். அடுத்தவனும் அப்படியே செய்தான்.

"அய்யய்யோ! இது சாப்பாட்டுக் கடையா?"

"வந்த அஞ்சாவது நிமிஷமே தெரியும்" என்றார் கண்டக்டர், பல் குத்திக்கொண்டே. "சில்லறை சத்தம் எனக்குத் தெரியாதா?"

"சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? மானமே போச்சு!"

"சொல்லத்தான் எந்திரிச்சு வந்தேன். நீ குழாயத் தொறந்துவிட்டு அழுதுக்கிட்டிருந்த. சரி, அழுது முடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "பிஸ்கட்ட நான்தாங்க கட்டில்லயே வெச்சுட்டு..."

"பாத்தேன். பாத்துட்டுத்தான் ரெண்டு தடவ கேட்டேன். நீ இருக்குன்ன. எதுக்குச் சண்டைன்னு பேசாம வந்துட்டேன்."

"என்னது! சண்டைக்குப் பயந்து சாகப் பாத்தீங்களா? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

மேசையே திரும்பிப் பார்த்தது. பருத்த அம்மாள் சிரித்துக்கொண்டே வந்து, இவள் தோளை அழுத்தி, முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அப்போதுதான் தையல்காரம்மாவுக்குத் தன் வயிறு ஞாபகம் வந்தது. ஒரு வாய் சாப்பிடுவதும் ஒரு வசவு விடுவதுமாக, கல்யாணமான நாளிலிருந்து சேர்ந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கண்டக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கேட்டுக்கொள்ள எதிரே ஆள் இருந்தார், அவளுக்கு அது போதும்.