மேலிருந்து பத்துப் பேர்

கோப்பில் சொருக எடுத்த தாளின் தலைப்பை துளசி அப்போதுதான் ஒழுங்காகப் படித்தாள்: 'மருந்து அடிக்கக் கூடாதவர்கள்.' கீழே முதல் பெயரே சின்னத்தாய். அவளைப் பெற்றவள்.

இதே பட்டியலைத்தான் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் மண்டோர் திருச்செல்வத்திடம் கொடுத்திருந்தாள்.

சபாக் பக்கத்துச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் அவள் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவள். பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு அதன் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற இரத்தப் பரிசோதனையின் முடிவு மாதாமாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து எக்ஸ்எம்எல் என்கிற கணினிக் கோப்பாக வரும். அதைத் தாளில் எப்படி அடுக்குவது என்று சொல்வது ஸ்டைல்ஷீட். எந்த ஸ்டைல்ஷீட் என்பதும் கோப்பின் தலையிலேயே ஒரு வரியாக இருக்கும். துளசி எழுதிய புரோகிராம் இத்தனை நாள் அந்த வரியைச் சட்டை செய்யாமல், கணினியில் கிடந்த பழையதையே போட்டுவந்தது. அதில் நல்ல இரத்தம் உள்ளவர்கள் மேலே வருவார்கள். போன மாதம் அம்மா கடைசியில் இருந்தாள்.

நேற்றுதான் மெனக்கெட்டுத் திருத்தினாள். இனி கோப்பு காட்டுகிற ஸ்டைல்ஷீட்டையே புரோகிராம் தேடியெடுத்துப் போடும். பக்கம் பிழையில்லாமல் வந்ததும் பெருமை தாங்கவில்லை. பெயர்களைப் படித்தாளா? அதுதான் இல்லை. ஆய்வுக்கூடம் தன் ஸ்டைல்ஷீட்டை மாற்றி, ஆபத்தில் இருப்பவர்களை மேலே ஏற்றியிருந்தது.

மண்டோர் தலைப்பெல்லாம் பார்க்கிற ஆள் இல்லை. மேலிருந்து பத்துப் பேரை எண்ணி மருந்துக்கு அனுப்புவார், மற்றவர்கள் உதிரிப் பழம் பொறுக்கப் போவார்கள். பல வருஷப் பழக்கம் அது.

மண்டோருக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிப் பறந்தாள். மணி பத்தாகப் போகிறது, அம்மா இதற்குள் எத்தனை பம்பு மருந்து அடித்திருப்பாளோ.

"அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க! லிஸ்ட்டு தலகீழா வந்துருச்சு! அம்மா எங்க?"

திருச்செல்வம் விழித்தார். "நீ குடுத்த லிஸ்ட்டுதானே லா? ஒங்கம்மாகூட கேட்டுச்சு, டாக்டர் என்னய மருந்து அடிக்க வேணாம்னாரேன்னு. ஒம்மவ எடுத்த லிஸ்ட்டுதான்னேன். அப்புறம் பம்பத் தூக்கிக்கிச்சு."

துளசி மரவரிசைக்குள் ஓடினாள். சின்னத்தாய் முதுகில் பம்போடு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயோரம் எச்சில் வழிந்தது.

"அம்மா!"

நல்ல வெளிச்சம். பத்தடி தூரம்கூட இல்லை. சின்னத்தாய் நேராக மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"யாரு அது?" என்றாள்.