சிரட்டை போன வழி

பூரணியின் கோழிக்கு என் வீட்டுத் தோட்டத்தில்தான் முட்டையிட வேண்டும். அவள் பக்கம் கூடு இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கொழுப்பெடுத்த கோழி பலகை வேலிக்கு அடியில் நுழைந்து வந்து, என் விறகுக் குவியலில் கிடக்கும் சாக்கில்தான் உட்காரும். வருகிற வழியில் என் லீக்ஸ் பாத்தியை வேறு கிளறிவிட்டு வரும்.

முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பூரணி. அவள் இருமினால் என் தூக்கம் போகும். பிறகு தோட்டத்தில் தனி வீடு கொடுத்தார்கள். வேலி போட்ட அன்று அரை அடி மண்ணுக்காக நான் கத்தினேன். அவளும் விடவில்லை. இரண்டு வருடமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. அவள் மகள் குவைத்தில், என் மகன் தனுஷன் கொழும்பில். அந்த அரை அடியில் நான் என்ன நட்டேன்? ஒன்றும் நடவில்லை.

மழை மண்ணை அரித்து, வேலிக்கு அடியில் ஒரு சாண் சந்து விழுந்தது. முட்டையை நானே வைத்துக்கொண்டு திருடி என்று பேர் வாங்கவா? தேங்காய்ச் சிரட்டையில் வைத்து அந்தச் சந்து வழியே தள்ளிவிடுவேன். மத்தியானத்துக்குள் வெறும் சிரட்டை திரும்பி வரும். ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால், சந்தில் இஞ்சியும் கொத்தமல்லியும் காகிதத்தில் சுற்றிக் கிடந்தன. அவித்துக் குடித்தேன். அழுதுகொண்டேதான் குடித்தேன்.

தனுஷனுக்கு இதெல்லாம் தெரியாது. போனில் "வேற என்னம்மா?" என்பான். வேறு என்ன இருக்கிறது சொல்ல? கோழியைத்தான் திட்டுவேன்.

"பூரணி கோழி இன்னைக்கும் லீக்ஸ நாசமாக்கிருச்சுடா."

தீபாவளி லீவுக்கு வந்தவன் ஹட்டனிலிருந்தே ஒரு சீமெந்து மூட்டையோடு வந்தான். நான் கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், வேலி நீளத்துக்கும் அடியில் கல் அடுக்கிப் பூசிவிட்டான்.

"இனி ஒரு குஞ்சுகூட நுழையாதும்மா. நிம்மதியா இருங்க."

கையெல்லாம் சீமெந்தோடு சிரித்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? "நல்லா இருக்குய்யா" என்றேன். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டான்.

அன்றைக்குக் கோழி அந்தப் பக்கமே நின்று கத்தியது. அடுத்த நாள் சிரட்டையைக் கழுவி வைத்தேன், எதற்கென்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கோழிச் சத்தமும் இல்லை. பாத்தியில் லீக்ஸ் மட்டும் ஒரு இலை கசங்காமல் நின்றது. பூரணி விழுந்து கிடந்தாலும் எனக்குத் தெரியாதே என்று நினைத்தபோது பயம் வந்துவிட்டது. வாயைத் திறந்து கூப்பிட்டிருக்கலாம். திமிர் விட்டால்தானே.

நாலாம் நாள் விடிந்ததும் அலவாங்குக் கம்பியை எடுத்துக்கொண்டு வேலியடியில் குந்தினேன். பிள்ளை ஆசையாகப் பூசியதைக் குத்த மனசு கேட்கவில்லை. ஆனாலும் குத்தினேன். ஒரு கல் ஆடியது. நான் தொடாத பக்கத்துக் கல்லும் ஆடியது. கையை நிறுத்திக் கேட்டேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஏதோ சுரண்டும் சத்தம். மறுபடியும் குத்தினேன்.

"மெதுவா குத்துங்கக்கா," என்றாள் பூரணி. "என் கை இருக்கு."